திறவாயோ ஐயா

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தபோது வெளிக்கதவு பூட்டியிருந்தது. உள்ளே கருகிச் செத்தவர்களில் ஒருத்தி முத்துமாரி. பாடலாசிரியர் செல்லப்பாண்டியின் அக்கா. அவள் கடைசியாகக் கத்தியதை வெளியே நின்று கேட்டவர் அவர்.

"கதவைத் தெறங்கய்யா!"

பல வருஷம் கழித்து அதையே பல்லவியாக வைத்துப் பாட்டெழுதினார். சென்னையில் பெரிய வித்வான் ஒருவர் அதைக் கச்சேரியில் பாடினார். மறுநாள் காலை, தனக்கு யாப்பு கற்றுக்கொடுத்த தாயம்மாளின் வீட்டில் போய் நின்றார்.

"அம்மா, என் பாட்டைத் திருடிட்டாங்க."

தாயம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பேரைப் போடலையா?"

"போட்டாங்க. சால்வையும் போர்த்துனாங்க. அந்த ஒரு வரியையே பாடகர் அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பாடுனார். சபையே சொக்கிப்போய்க் கிடந்தது. கடைசியில மைக்கைப் பிடிச்சு, 'கோயில் வாசல்ல நிக்கிற பக்தனோட ஏக்கம்'கிறார்!"

"நீ எங்க இருந்தே?"

"மேடையிலதான். அவர் பக்கத்துல."

"என்ன செஞ்சே?"

செல்லப்பாண்டி தரையைப் பார்த்தார். "கும்பிட்டேன்."

"வரி உன் வரிதானே?"

"'தெறங்கய்யா' ராகத்துல உக்காரலைன்னாங்க. 'திறவாயோ ஐயா'ன்னு மாத்திக் குடுத்தேன்." பிறகு மெல்லச் சொன்னார். "நல்லாத்தான் இருந்துச்சு."

தாயம்மாள் கீரையைக் கீழே வைத்தார்.

"உங்க அக்கா சொன்ன மாதிரி எனக்கு ஒருதரம் சொல்லு."

செல்லப்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"கதவை..." என்றதுமே குரல் தானாக வளைந்தது. ஒத்திகையில் ஊறிப்போன ராகம். சட்டென்று நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் ராகம்தான் வந்தது. அக்காவின் குரலை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்று பார்த்தார். பாடகரின் குரல் கேட்டது. அதற்குப் பின்னால் வயலின் கேட்டது. கைதட்டல்கூடக் கேட்டது.

கண்ணைத் திறந்தார்.

"அம்மா, வரமாட்டேங்குது."

தாயம்மாள் மறுபடி கீரையைக் கையில் எடுத்தார்.

"பாட்டு எங்கயும் போகலப்பா. உன்கிட்டதான் இருக்கு," என்றார். "உங்க அக்காவைத்தான் காணோம்."