சபியாவுக்குப் போன பதினோரு கடிதங்கள்

“அவ மனுஷி இல்ல தெங்கு. கல்லு.”

இப்படிச் சொன்ன லாத்தேவுக்கு வயது ஐம்பத்தொன்று. கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியருக்கு முப்பத்து நாலு.

அச்சே நாட்டில் மார்க்கம் படித்தவரைத் தெங்கு என்பார்கள். நம் காதுக்குத் தென்னை மரம் நினைவு வரும். வந்துவிட்டுப் போகட்டும். இந்தத் தெங்கின் பெயர் ஜூனேத். ஆறு கடலில் விழுகிற இடத்தில் மரக்கால்கள் மேல் நின்ற ஓதும் பள்ளி அவருடையது. சீடர்களில் மூத்தவர் லாத்தே, குருவுக்கும் மூத்தவர். அதனால் குரு அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

“யாரு அண்ணே கல்லு?”

“என் பெஞ்சாதி.”

லாத்தே கொட்டித் தீர்த்தார். பள்ளிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குள் பதினோரு கடிதம் எழுதி உப்புப் படகில் அனுப்பியாயிற்று. ஒன்றுக்குக்கூட பதில் இல்லை. அந்த நாட்டில் வீடு பெண்ணுடையது. புருஷன் அதில் வந்து இருப்பவன். அவள் வா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எந்த முகத்தோடு படி ஏறுவது?

இப்போது பன்னிரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வழக்கம்போல் தெங்கு அதைத் திருத்தித் தர வேண்டும். இதற்கும் பதில் வராவிட்டால் ஊர் ஆசையை விட்டுவிட்டு இங்கேயே கிடந்து மண்ணாகிவிடுவது என்று தீர்மானம்.

“படிங்க, கேக்கிறேன்.”

லாத்தே தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

“எம் விழியின் மணியும் நெஞ்சின் கனியுமாகிய சற்குணவதி சபியாவின் சமுகத்திற்கு. அருளாளன் அளித்த மாணிக்கம் அவனது கருணை நிழலுக்கே மீண்டதன்றி, அதன்கண் நின்பால் யாதொரு குற்றமும் கண்டேனில்லை. பேதையேன் பிரிந்தகன்றது நின்னைப் பழித்தன்று, துயர் பொறாமையினால் என்றறிக.”

இன்னும் நாற்பது வரி இருந்தது. தலையிலும் காலிலும் அரபியில் இறைபுகழ்.

எல்லாம் மலாய். சாதாரண மலாய் இல்லை, அரண்மனை மலாய். அச்சேக்காரர்கள் வீட்டில் பேசுவது அச்சே மொழி. அதில் பாட்டுக் கட்டுவார்கள், கட்டிய பாட்டை எழுதியும் வைப்பார்கள். ஆனால் கடிதம் என்று உட்கார்ந்தால் கை தானாக மலாய்க்குப் போய்விடும். யாரும் சட்டம் போடவில்லை. அப்பன் செய்தான், மகனும் செய்தான். வாயில் ஒன்று ஏட்டில் ஒன்றா என்று நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நம் வீட்டுச் சங்கதியும் அதுதான்.

தெங்கு திருத்தவில்லை. எழுந்து வெளியே போய் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒருத்தி ரொக்கியா, கரையில் உப்புக் காய்ச்சுகிறவள். மற்றவர் சாலே, சம்பா தேசத்து மாலுமி. சம்பா கிழக்கே எத்தனையோ நாள் பயணம். பாய்மரம் முறிந்து கரை ஒதுங்கி, அடுத்த காற்றுக்காகப் பள்ளியில் தங்கியிருந்தார்.

அந்தப் பள்ளியில் ஓயாத ஒரு வாக்குவாதம் உண்டு. நம் பேச்சு எங்கிருந்து வந்தது? அரபு நாட்டிலிருந்து என்பார் ஒருவர். இந்துஸ்தானத்துக் கப்பலில் வந்தது என்பார் இன்னொருவர். மலாயின் மட்டமான கிளை, அவ்வளவுதான் என்று லாத்தே முடித்துவிடுவார். ஊர்க்காரர்கள் மட்டும் வேறு கதை சொல்வார்கள்: சம்பாவில் ஒரு பட்டணம் விழுந்தபோது ஓர் இளவரசன் படகேறி வந்தான், அவன் ஆட்களின் வாயோடு வந்த பேச்சு இது என்று. சம்பாக்காரர் ஒருவரே வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தும், அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாதம் செய்யத்தான் நேரம் சரியாக இருந்தது.

“திரும்பப் படிங்க அண்ணே.”

லாத்தே திரும்பப் படித்தார். பொழிந்தார் என்றே சொல்லலாம்.

முதல் வரியிலேயே ரொக்கியா எழுந்துவிட்டாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினாள். முடிந்ததும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டாள். சாலே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன புரிஞ்சது அக்கா?”

“நல்ல துவா, தெங்கு. கேக்கவே மனசு குளுந்துபோச்சு. யாருக்கு உடம்பு சரியில்ல?”

லாத்தேவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டார். தெங்கு சிரிக்கவில்லை.

“இதையே அக்காவுக்குச் சொல்லுங்க. அவங்க உப்பு விக்கிற பேச்சுல.”

“அந்தப் பேச்சுல இதை எப்படித் தெங்கு சொல்றது? அது கோழி விரட்டுற பேச்சு.”

“விரட்டுங்க.”

லாத்தேவுக்குக் கோபம் வந்தது. ஒன்பது வருடம் படித்தது இதற்குத்தானா என்று தோன்றியது. வேண்டா வெறுப்பாக ஆரம்பித்தார்.

“எனக்கு ஒரு பொம்பளப் புள்ள.”

நிறுத்தினார். அடுத்தது வரவில்லை. பிறகு, துண்டு துண்டாக வந்தது.

“இந்தான்னு பேரு. ஆறு வயசு. மழையில ஆத்துல குளிச்சா. ராவெல்லாம் நெருப்பாக் கொதிச்சா. செத்துப்போயிட்டா.”

ரொக்கியா மெல்ல உட்கார்ந்தாள். அவள் கை தன் வாயைப் பொத்திக்கொண்டது.

அப்போதுதான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த சாலே திரும்பினார்.

“கிரோங்?” என்று ஆற்றைக் காட்டிக் கேட்டார். அச்சேயில் ஆற்றைக் குரூங் என்பார்கள். பிறகு நெருப்புக்குத் தன் நாட்டுச் சொல்லைச் சொன்னார். பிள்ளைக்கும், செத்துப்போனதற்கும் சொன்னார். எல்லாமே கொஞ்சம் உச்சரிப்பு மாறிய லாத்தேவின் சொற்களாகவே இருந்தன. கேட்டுவிட்டு அந்த மாலுமி எழுந்து வந்து, லாத்தேவின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, அவர் முழங்கால் மேல் கையை வைத்தார்.

எத்தனையோ நூறு வருடத்துக்கு முன்னால் பிரிந்த பங்காளிகள். வாதத்தில் தெரியாத உறவு அங்கே தெரிந்தது. லாத்தேவுக்கு அந்தக் கையின் கனம் தாங்க முடியவில்லை.

தெங்கு விடவில்லை. “மிச்சத்தையும் சொல்லுங்க.”

“மிச்சம் என்ன?”

“குற்றமும் கண்டேனில்லைன்னு ஒரு வரி வருதே.”

மழையில் பிள்ளையை ஆற்றுக்குக் கூட்டிப்போனது சபியா. ஊர் அதைச் சொல்லிச் சொல்லி அழுதது. லாத்தே எதுவும் சொல்லவில்லை. ஏழாம் நாள் கந்தூரிச் சோறு போட்டு முடிந்த மறுநாள், ஓதப் போகிறேன் என்று துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அழுகிற வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். அதைத்தான் பதினோரு கடிதத்திலும் எழுதினார்.

இப்போது அந்த ஒரு வரியை வீட்டுப் பேச்சில் சொல்ல வாயைத் திறந்தார். மலாயில் தண்ணீர்பட்ட பாடாக வந்த வரி, தொண்டையிலேயே நின்றுவிட்டது.

தெங்கு கேட்டார்:

“உங்க ஊர்ல கடுதாசியை யாரு படிப்பா?”

“தொழுகைக் கூடத்துப் பெரியவர்.”

“அவருக்கு மலாய் தெரியுமா?”

லாத்தேவின் முகம் மெல்ல வெளுத்தது.

“எழுத்துக்கூட்டத் தெரியும்” என்றார்.

ரொக்கியா மூக்கை உறிஞ்சினாள்.

தெங்கு அந்தக் கடிதத்தை வாங்கித் தரையில் கவிழ்த்து வைத்தார். “பதினொண்ணுலயும் என் திருத்தம் இருக்குண்ணே. நாலாவதுல ‘அழுதேன்’னு எழுதியிருந்தீங்க. நான்தான் அடிச்சுட்டு ‘கண்ணீர் உகுத்தேன்’னு போட்டேன். எனக்கு அது அழகாப் பட்டுச்சு.”

பிறகு ரொக்கியாவிடம் உப்புப் படகு எப்போது கிளம்புகிறது என்று கேட்டார். நாளைக் காலை என்றாள்.

“ஓர் ஆளுக்கு எடம் வைங்க” என்றார் தெங்கு.

*

மூன்று நாள் படகில் லாத்தே அந்த ஒரு வரியை வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தார். சிறு பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் இருந்தது. அவரோடு சேர்ந்து ஓத வந்தவர்கள் இதற்குள் பெரிய பெரிய நூல்களை முடித்துவிட்டார்கள். அவர் இந்த வரியில் நின்றார்.

வீடு அப்படியே இருந்தது. சபியாவின் முடிதான் வெளுத்துவிட்டது. படியின் மேலே நின்று பார்த்தாள். ஆளைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

“கால் கழுவிட்டு ஏறுங்க” என்றாள்.

ஒன்பது வருடமாக அவர் காத்துக் கிடந்தது இந்தச் சொல்லுக்குத்தான். வந்து நின்றிருந்தால் எந்த வருடமும் கிடைத்திருக்கும். லாத்தே ஜாடித் தண்ணீரை மொண்டு காலில் ஊற்றிக்கொண்டார்.

ஏறி உட்கார்ந்ததும் சோறு வந்தது. அவள் கொஞ்சம் தள்ளி, விருந்தாளிக்குப் பரிமாறுகிறவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் அப்படி உட்காருகிறவள் இல்லை. தன் வீட்டில் நிமிர்ந்து உட்காருவாள். தப்புச் செய்தவள் போல அவள் இருந்த அந்த இருப்பைப் பார்த்ததும் லாத்தேவுக்குச் சோறு இறங்கவில்லை.

வரியைச் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தார். அதற்குள் படியின் கீழே ஒரு பெண்குரல் கேட்டது. கைக்குழந்தையோடு பக்கத்து வீட்டு மருமகள் நின்றாள். குழந்தைக்கு விடிந்ததிலிருந்து காய்ச்சலாம்.

“அக்கா, இன்னொரு காயிதம் இருக்கா?”

“எல்லாம் தீந்துபோச்சு தங்கச்சி. போன மாசம் கொடுத்ததுதான் கடைசி.” சபியா எழுந்து, ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, கீழே இறங்கிக் குழந்தையின் நெற்றியில் போட்டுவிட்டு, வைத்தியர் வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பினாள்.

திரும்பி வந்தவளிடம் லாத்தே, என்ன காயிதம் என்று கேட்டார்.

“நீங்க அனுப்புனதுதான்.”

சபியா சொன்னாள், தலை நிமிராமலே. முதல் காயிதம் வந்தபோது பெரியவர் அதைத் தொழுகைக் கூடத்தில் வைத்து ராகம் போட்டு ஓதினாராம். ஊரே எழுந்து நின்று ஆமீன் சொன்னதாம். இது சாதாரண எழுத்து இல்லை, பத்திரமாக வை என்று சொல்லிக் கொடுத்தாராம். அந்த வாரமே எதிர்வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல். ஓதிய எழுத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பாட்டுவது அங்கே எல்லோரும் செய்வதுதான். சபியா காயிதத்தைக் கிண்ணத்தில் போட்டாள். கரி மை நன்றாகக் கரைந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். பிறகு காயிதம் வர வர, காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கெல்லாம் கரைத்துக் கொடுத்தாள்.

“பதினோரு புள்ளைங்க. எல்லாம் நல்லா ஓடியாடித் திரியுது” என்றாள். “நம்ம புள்ளைக்கு அன்னிக்குக் கொடுக்க, வீட்டுல ஒரு எழுத்துக்கூட இல்ல.”

லாத்தே எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார்.

“என் மேல உங்களுக்கு ஆத்தாமை தீரலைன்னு தெரியும்” என்றாள் அவள். “இல்லாட்டி ஒன்பது வருசம் எட்டிப் பாக்காம இருப்பீங்களா? இருந்தாலும் ஊரை நெனச்சு ஓதி அனுப்புறீங்களேன்னு நெனச்சுக்குவேன்.”

“அது ஓதுனது இல்ல சபியா.”

“பின்ன?”

“கடுதாசி. உனக்கு எழுதுனது.”

அவள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன எழுதியிருந்துச்சு?”

மலாய்தான் முதலில் நாக்கில் வந்தது. லாத்தே அதை விழுங்கினார். மூன்று நாள் உருட்டிய வரி எங்கே போயிற்றோ தெரியவில்லை. வேறு எப்படியோ வந்தது, கோழி விரட்டுகிற பேச்சில்.

“உன் மேல குத்தம் இல்ல புள்ள. எனக்குத்தான் தாங்க முடியல, ஓடிட்டேன். அதைத்தான் எழுதுனேன்.”

“எந்தக் காயிதத்துல?”

“எல்லாத்துலயும்.”

தெருவில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது.

“ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் கரைச்சுக் கொடுத்தேன்” என்றாள். “ஒரு வாய் நான் குடிக்கல்லியே.”