முடிஞ்ச மாதிரிதான்!

காட்டுப்பன்றியை மற்ற விலங்குகள் கடைசியாக உயிரோடு பார்த்தது, காட்டுக் குளத்தின் கரை உடைந்த அன்றுதான். உடைப்பில் முதுகைக் கொடுத்துக்கொண்டு அது நின்றது. "மண் கொண்டாங்க! யாராவது மண் கொண்டாங்க!" என்று கத்தியது. குரங்கு கொண்டுவரும் என்று எருமை நினைத்தது. பெருச்சாளி கொண்டுவரும் என்று குரங்கு நினைத்தது. எருமை அப்போதே மண் எடுக்கப் போய்விட்டது என்று பெருச்சாளி நினைத்தது. வெள்ளம் பன்றியை அடித்துக்கொண்டு போயிற்று.

குளமும் அன்றே காலியானது. உடைப்பை ஒட்டியிருந்த மதகடிப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தங்கியது. அதில் ஒரு விரால் மீன் பிழைத்துக் கிடந்தது. அதன் குஞ்சுகள் வெள்ளத்தோடு போய், கீழே புல்வெளியில் துடித்துச் செத்தன.

மறு வருஷம் மழைக்காலம் நெருங்கியது. விரால் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது.

"நான் மறுபடியும் சினையா இருக்கேன். கரை உடைஞ்சா நீங்க எல்லாரும் வேற குளத்துக்கு நடந்து போயிடுவீங்க. நான் எங்கே போவேன்? இந்த வருஷமாவது கரையைக் கட்டிக் குடுங்க!"

யாரும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

"கட்டிடலாம் விராலக்கா" என்றது எருமை. "ஆனா யாருக்கு எந்த வேலைன்னு தெரியாமதானே போன தடவை..."

"அதுக்கு ஒரு வழி இருக்கு!" என்று கத்தியது மைனா.

மைனா கொஞ்ச காலம் பட்டணத்தில் இருந்த பறவை. ஓர் ஆபீஸின் ஏசி பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டிக் குடியிருந்தது.

"அந்த ஆபீஸ்ல ஒரு பெரிய திரை இருக்கும். ஒவ்வொரு வேலையும் அதுல ஒரு சின்னக் கட்டம். செய்ய வேண்டியது இந்தப் பக்கம், நடக்கிறது நடுவுல, முடிஞ்சது அந்தப் பக்கம். வேலை நகர நகரக் கட்டமும் நகரும். யார் எங்கே நிக்கிறாங்கன்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடும். அதுக்குப் பேரு சாஃப்ட்வேர்!"

"சாப்பிடற பொருளா?" என்று கேட்டது பெருச்சாளி.

"உனக்கு எப்பவும் அதே நினைப்புதானா அண்ணே? அதைச் சாப்பிட முடியாது. ஆனா எல்லாக் கட்டமும் அந்தப் பக்கம் போனதும் கேக் வெட்டுவாங்க!"

"அப்ப எனக்குச் சம்மதம்!"

காட்டில் திரைக்கு எங்கே போவது? குளக்கரையில் ஒரு கருவேல மரம் நின்றது. அதன் முள் ஒவ்வொன்றும் ஊசி மாதிரி இருக்கும். கீழ்க் கிளை, செய்ய வேண்டிய வேலைக்கு. நடுக் கிளை, நடக்கிற வேலைக்கு. மேல் கிளை, முடிந்த வேலைக்கு. ஆளுக்கொரு இலையைப் பறித்துக் கீழ்க் கிளை முள்ளில் குத்தினார்கள். கரைக்குக் கல் பதிப்பது குரங்கின் வேலை, அதற்குப் புங்க இலை. மண் பறிப்பது பெருச்சாளி, அதற்கு வேப்பிலை. மண்ணை மிதித்து இறுக்குவது எருமை, அதற்கு ஆலிலை. மதகின் ஓட்டைகளை அடைப்பது நண்டு, அதற்கு எருக்க இலை. இலைகளை நகர்த்தும் வேலையை மைனா தானே எடுத்துக்கொண்டது.

வேலை ஆரம்பித்தது. மறுநாளே எல்லா இலைகளும் நடுக் கிளைக்கு ஏறின. பார்க்க அழகாக இருந்தது. மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாள் முழுக்க ஒவ்வொருவரிடமும் பறந்து போய் விசாரித்தது.

"குரங்கண்ணே, முடிஞ்சுதா?"

குரங்கு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. "முடிஞ்ச மாதிரிதான்!" என்றது.

'முடிஞ்ச' என்ற சொல் காதில் விழுந்தது. அதுவே மைனாவுக்குப் போதும். புங்க இலையை மேல் கிளையில் குத்திவிட்டது.

பெருச்சாளி அதைப் பார்த்தது. "அந்தச் சோம்பேறியே முடிச்சிட்டானா? எனக்கும் முடிஞ்ச மாதிரிதான்!" வேப்பிலை மேலே போயிற்று.

"பாதி மண்கூட வரலியேப்பா, நான் எதை மிதிக்கிறது?" என்று முனகியது எருமை. ஆனாலும் தன் இலை நடுக் கிளையிலேயே தொங்குவது அதற்கு அவமானமாக இருந்தது. "சரி சரி, எனக்கும் முடிஞ்ச மாதிரிதான்!"

எருக்க இலை மட்டும் நடுக் கிளையில் நின்றது. அதன் ஓரம் காய்ந்து சுருண்டது.

"என்ன நண்டண்ணே, இலை சருகாப் போச்சு! நீ பக்கவாட்டுல நடக்கிற மாதிரி உன் வேலையும் பக்கவாட்டுலதான் போகுமா?" என்று கேலி செய்தது குரங்கு.

நண்டு கொடுக்குகளால் முகத்தை மூடிக்கொண்டது. "முடிஞ்ச மாதிரிதான்" என்று மெதுவாகச் சொன்னது.

மேல் கிளை நிறைந்துவிட்டது! மைனா இறக்கையை அடித்துக்கொண்டு குதித்தது.

"கேக் எங்கே?" என்று கேட்டது பெருச்சாளி.

மைனா பள்ளத்துக்குப் பறந்து போனது. "விராலக்கா! இனிமே கவலையே இல்ல! எல்லா வேலையும் முடிஞ்ச மாதிரிதான்!"

விரால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியது. பிறகு, "மாதிரின்னா என்ன?" என்று கேட்டது.

"மாதிரின்னா... மாதிரிதான்!"

"முடிஞ்ச மாதிரி இருக்கிற கரையில தண்ணி நிக்குமா, நிக்கிற மாதிரி இருக்குமா? என் குஞ்சுங்க பிழைக்குமா, பிழைச்ச மாதிரி இருக்குமா?"

மைனா மரத்தின் மேல் கிளையை அலகால் காட்டியது.

"எனக்கு மரம் தெரியல, இலையும் தெரியல" என்றது விரால். "எருமையை ஒரு தடவை கரை மேல நடக்கச் சொல்லு. அதைப் பார்த்தா எனக்கு நம்பிக்கை வரும்."

எருமை நடந்தது. குரங்கு பதித்த கற்கள் சறுக்கிக்கொண்டு ஓடின. பெருச்சாளி கொட்டிய இடத்தில் எருமையின் கால் முழங்கால் வரை புதைந்தது. தான் மிதித்த இடத்தில் கால் வைக்க எருமைக்கே பயமாக இருந்தது.

மதகடியில் நண்டு அழுதுகொண்டிருந்தது. "இங்கே ஒரு வேர் புகுந்து பெரிய ஓட்டை போட்டிருக்கு. அதை அடைக்கிற கல்லை என்னால நகர்த்தக்கூட முடியல."

"அதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றது எருமை.

"நீங்க எல்லாரும் முடிச்சிட்டீங்க. நான் மட்டும் எப்படி முடியலன்னு சொல்றது?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "நான் எங்கேடா முடிச்சேன்?" என்றது.

அன்றே எல்லோரும் கூடிப் பேசினார்கள். தன் வேலை முடிந்தது என்று இனி யாரும் தானே சொல்லக் கூடாது. எருமை மிதித்துப் பார்க்க வேண்டும், தண்ணீர்ப் பக்கம் விரால் முட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் சரி என்றால்தான் இலை மேலே ஏறும். வேலையில் சிக்கிக்கொண்டவர் தன் இலையைத் தலைகீழாகக் குத்த வேண்டும். அந்த இலையைக் கேலி செய்கிறவர், அந்த வேலையில் பாதியைச் செய்ய வேண்டும்!

"அப்ப மேல் கிளை மொத்தமும் காலியாயிடுமே!" என்று மைனா புலம்பியது. "பார்க்க நல்லாவே இருக்காதே!"

"கிளை காலியா இருக்கட்டும்" என்றது விரால். "குளம் காலியாக வேண்டாம்."

மைனா ஒவ்வொரு இலையாகக் கீழே இறக்கியது. ஒவ்வொன்றையும் இறக்கும்போது அதற்கு மனசு வலித்தது.

அதற்குப் பிறகு இலைகள் மெதுவாகத்தான் நகர்ந்தன. பெருச்சாளியின் வேப்பிலை ஒருநாள் தலைகீழாகத் தொங்கியது. பாறை தட்டுப்பட்டிருந்தது. எருமை போய்க் கொம்பால் நெம்பிக் கொடுத்தது. புங்க இலை மேலே ஏற இருந்தது, விரால் முட்டியதும் கற்கள் ஆடின, இலை நடுக் கிளையிலேயே நின்றது. குரங்கு பல்லைக் கடித்துக்கொண்டு கற்களைப் பிடுங்கித் திரும்பப் பதித்தது. ஒவ்வொரு இலையாக மேல் கிளைக்குப் போனது.

எருக்க இலை மட்டும் இன்னும் நடுக் கிளையில் தலைகீழாக இருந்தது. வேரை வெட்டியாயிற்று, கல்லைத்தான் இன்னும் தள்ளவில்லை. அதற்குள் மழை முந்திக்கொண்டது.

மத்தியானமே வானம் இருண்டது. காட்டாறு குளத்துக்குள் பாய்ந்தது. எல்லோரும் ஒரே ஒரு முறை மரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் போவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

"மதகுக்கு!" என்று கத்திக்கொண்டே எருமை ஓடியது. அதன் நெற்றி பட்டுக் கல் உருண்டு ஓட்டையில் உட்கார்ந்தது. பெருச்சாளி களிமண்ணை வாரி வாரித் தள்ளியது. குரங்கு புல்லைப் பிடுங்கித் திணித்தது. நண்டு உள்ளே இறங்கி, எட்டாத இடுக்கெல்லாம் கொடுக்கால் அடைத்தது.

"விராலக்கா, அந்தப் பக்கம் எப்படி இருக்கு?" என்று மேலிருந்து கத்தியது மைனா.

"இழுக்குது! இன்னும் இழுக்குது!"

"இப்போ?"

தண்ணீருக்குள் விரால் மதகை முட்டிப் பார்த்தது. இன்னொரு தரமும் முட்டிப் பார்த்தது.

"நின்னுடுச்சு!"

"நின்ன மாதிரியா?" என்று கேட்டது குரங்கு.

"நின்னுடுச்சுடா!"

கார்த்திகையில் குளத்தின் மூலையில் செக்கச்செவேலென்று ஒரு விரால் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து மூச்சு வாங்கியது. பங்குனி வெயிலில் சுற்றிலும் இருந்த குட்டைகள் காய்ந்து வெடித்தன. காட்டுக் குளத்தில் எருமையின் வயிறு நனையும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது.

முடியாததை முடியவில்லை என்று துணிந்து சொல்கிற கூட்டமே, எடுத்த வேலையை முடிக்கும்.