கரிச்சான் வாலில் இரண்டு பேட்ஜ்

மலைக்காட்டில் வால் இருந்தவை, இல்லாதவை எல்லாமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சிலேயே பொழுது போனதால் ஒரு வேலையும் ஓடவில்லை. பிள்ளைகளாவது உருப்படட்டும் என்று பெற்றோர்கள் கூடி ஒரு குருளையர் படை தொடங்கினார்கள். கொம்பு முளைக்காதது, பல் விழாதது, சிறகு முற்றாதது எல்லாம் அதில் சேரலாம்.

படைக்குத் தலைவி ஒரு மிளா மான். பிள்ளைகள் அவளைத் தலைவியக்கா என்பார்கள். அவள் கழுத்தில் ஒரு மூங்கில் விசில் தொங்கும். வாயில் எப்போதும் ஒரே கேள்வி: "புரிஞ்சுதா, புரியலையா?" புரியவில்லை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

தலைவியக்காவின் ஏட்டில் ஏழு பேட்ஜ்கள் எழுதியிருந்தன. முடிச்சு, தடம், முதலுதவி, நீச்சல், சமையல், கூடாரம், தோட்டம். கருங்காலிப் பட்டையை மரங்கொத்தி வட்டமாகக் கொத்தித் தரும். தேறிய பிள்ளையின் தோளில் தையல்சிட்டு அதைத் தைக்கும். பிள்ளைகள் அவரை டெய்லர் மாமா என்றார்கள். தைக்கும்போது அவர் தலையைத் தூக்கவே மாட்டார். "தேறியாச்சு, தைங்க" என்று தலைவியக்காவின் குரல் கேட்டால் போதும், ஊசி ஓடும்.

படையில் மசி என்று ஒரு கரிச்சான் குஞ்சு இருந்தாள். கரிச்சான்களுக்கு அப்போது சாதாரண வால்தான். அடியிலிருந்து நுனிவரை ஒழுங்காக இறகு இருக்கும். மசி இருக்கும் இடத்தில் சிரிப்புக்குக் குறைவில்லை. காட்டில் யார் வாயைத் திறந்தாலும் அந்தக் குரலை அப்படியே திருப்பித் தருவாள். ஒருநாள் தலைவியக்கா ஓடைக்குப் போன நேரம் பார்த்து, "எல்லாரும் ஒத்தக்கால்ல நில்லுங்க. புரிஞ்சுதா, புரியலையா?" என்று குரல் கொடுத்தாள். மொத்தப் படையும் ஒற்றைக்காலில் நின்றது. காட்டெருமைக் கன்று சாய்ந்து பொட்டுவின் மேல் விழுந்தது. பொட்டு ஒரு சருகுமான் குட்டி, முயல் அளவுதான் இருப்பாள்.

திரும்பி வந்த தலைவியக்கா சிரிக்கவில்லை. புதிதாக ஒரு விதி போட்டாள்.

"இனிமே என் குரலை யாரும் நம்பக் கூடாது. ஆபத்துன்னா மூணு விசில். மூணு விசில் கேட்டா கையில இருக்கிறதைப் போட்டுட்டுக் கொடிக்கம்பத்துக்கு ஓடி வரணும். நடுவுல யார் பேசினாலும் காதுல வாங்கக் கூடாது. புரிஞ்சுதா, புரியலையா?"

"புரிஞ்சுது தலைவியக்கா!" என்றார்கள். மசி அதை மூன்று பேர் குரலில் சொன்னாள்.

மழை ஓய்ந்ததும் மலைமுகட்டுப் புல்வெளியில் கொடிக்கம்பம் நட்டு மூன்று நாள் முகாம். ஒரு பேட்ஜாவது இருந்தால்தான் போக முடியும். எல்லாரிடமும் இருந்தது, மசியைத் தவிர. அவள் போட்ட முடிச்சு, அலகை எடுத்ததும் அவிழ்ந்தது. தடம் தேர்வில் தலைவியக்கா ஈர மண்ணைக் காட்டி, "இது யாரோட தடம்?" என்று கேட்டாள்.

"பார்த்தா தெரியலை அக்கா. நடக்கிறதைக் கேட்டா சொல்லிடுவேன்."

"காதால பார்க்கிற தடம் ஏட்டுல இல்ல. அடுத்த வருஷம் வா."

"குரல் பேட்ஜ்னு ஒண்ணு வைக்கலாம்ல?"

"ஏழுதான்."

முகாமுக்கு முந்தின நாள் மதியம் டெய்லர் மாமா கொடியின் கிழிந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். புதிய விதி பிள்ளைகளுக்குப் போட்டது, அவருக்கு யாரும் சொல்லவில்லை. மசி அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். தொண்டையைக் கனமாக்கிக்கொண்டாள்.

"டெய்லரே, மசி தேறியாச்சு, தைங்க."

"ம். எத்தனை?" நூல் வாயிலேயே இருந்தது.

ஒன்று என்று சொல்லத்தான் வந்தாள். ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் பறக்கும்போது சாயுமே என்று தோன்றியது. "ரெண்டு. முடிச்சுக்கு ஒண்ணு, தடத்துக்கு ஒண்ணு."

"தோள்லயா?"

அங்கேதான் மசி கொஞ்சம் யோசித்தாள். வரிசையின் முன்னால் நடப்பது தலைவியக்கா, அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். பேட்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கடைசியில் வருவது டெய்லர் மாமா. அவர் கண்ணுக்கு மட்டும் பட்டால் போதும்.

"வால் நுனியில. ஓரத்து இறகுக்கு ஒண்ணு. கெட்டியா போடுங்க. புரிஞ்சுதா, புரியலையா?"

"புரிஞ்சுது" என்று மாமா தைத்தார், வழக்கத்தைவிட நாலு தையல் கூடவே.

மறுநாள் வரிசை கிளம்பியது. முன்னால் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர் தன் தையலைப் பார்த்துத் தலையாட்டினார். மசி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே தலைவியக்கா பக்கம் வரும்போதெல்லாம் இலைக்குள் ஒளிந்துகொண்டாள்.

இரண்டாம் நாள் உச்சிவெயில். தலைவியக்கா ஓடைக்குப் போயிருந்தாள். பிள்ளைகள் காட்டோரத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது புல்வெளிப் பக்கமிருந்து விசில் கேட்டது.

பீ. பீ. பீ.

சுள்ளிகள் கீழே விழுந்தன. படை முழுக்கக் கொடிக்கம்பத்தை நோக்கி ஓடியது. மசியும் கிளம்பி, பாதியில் நின்றாள். தலைவியக்காவின் விசில் மூன்றாவதில் மூச்சு தீர்ந்து அமுங்கும். இது அமுங்கவில்லை. மூன்றும் ஒரே அளவில் இருந்தன.

அவள் மரத்துக்கு மேலே எழும்பிப் பார்த்தாள். கொடிக்கம்பத்தைச் சுற்றிப் புல்லுக்குள் நான்கு செந்நாய்கள் படுத்திருந்தன. செந்நாய்க்குச் சீழ்க்கை பிறவிக் குணம். முகாமின் ஒத்திகையை முதல் நாளிலிருந்தே படுத்துக் கேட்டு அந்த விசிலைப் பழகியிருந்தன.

"நில்லுங்க!" என்று தலைவியக்கா குரலில் கத்தினாள் மசி.

"மசிடா, காதுல வாங்காதே!" என்று சிரித்துக்கொண்டே ஓடியது மந்திக்குட்டி. விதி விதிதானே.

தலைவியின் குரல் செல்லாது. மசியின் பேச்சும் செல்லாது. விதியில் சேராத குரல் எது? மசி ஒரு மூச்சு இழுத்தாள்.

"ஏய் எருமை, மரத்துல ஏறுடா! இறங்கினே, தோலை உரிச்சிடுவேன்!" இது மந்திக்குட்டியின் அம்மா. அம்மா இங்கே எப்படி வந்தாள் என்று அவன் யோசிக்கவில்லை. கால்கள் தாமாகவே திரும்பி மரத்தில் ஏறின. "என்னையா?" என்று திகைத்த காட்டெருமைக் கன்றுக்கு, "உன்னைத்தான்! புதருக்குள்ள போ!" என்று அதன் அம்மாவின் குரலிலேயே பதில் வந்தது. "தாவு தாவு, கீழ பார்க்காதே!" என்றதும் மலையணில் குட்டிகள் கிளைக்குப் பறந்தன. ஒரு நிமிடத்தில் புல்வெளி காலியானது.

பொட்டு மட்டும் சின்னக் காலால் முதலிலேயே ஓடிக் கம்பத்தடிக்கு வந்துவிட்டிருந்தாள். "பொட்டு, சருகுக்குள்ள போ, மூச்சு விடாதே" என்று அவள் அம்மாவின் கிசுகிசுப்பு கேட்டது. அங்கே சருகு ஏது? கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். புல் விலகியது.

மசிக்கு அதற்குமேல் குரல் கைகொடுக்கவில்லை. மேலிருந்து விழுந்தடித்து முதல் செந்நாயின் மூக்குக்கும் பொட்டுவுக்கும் நடுவே பாய்ந்தாள். "ஓடு!" என்றாள். அது யார் குரல் என்று பொட்டுவுக்கு விளங்கவில்லை. இருந்தும் ஓடினாள். பட்டுப்போன ஒரு மரத்தின் பொந்துக்குள் நுழைந்துகொண்டாள்.

செந்நாயின் வாயில் மசியின் வால் இருந்தது. அது இழுத்தது, இவளும் இழுத்தாள். வாலோர இறகுகள் இரண்டின் தூவியும் அடியிலிருந்து பல்லில் உருவிக்கொண்டே வந்தது. நுனியில் டெய்லர் மாமாவின் தையலில் பல் சறுக்கியது. மசி தப்பினாள். ஓடைப்பக்கமிருந்து தலைவியக்கா குளம்பதிர ஓடிவர, செந்நாய்கள் புல்லுக்குள் மறைந்தன.

கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்த மசியை எல்லாரும் பார்த்தார்கள். வாலிலிருந்து இரண்டு வெறும் கம்பிகள் நீண்டு கிடந்தன. நுனியில் கம்பிக்கொரு கருப்பு வட்டம்.

"அந்த பேட்ஜை உனக்கு யார் கொடுத்தது?" என்றாள் தலைவியக்கா.

மசி வாயைத் திறந்தாள். தலைவியக்காவின் குரலே வந்தது. "மசி தேறியாச்சு, தைங்க."

டெய்லர் மாமாவின் அலகிலிருந்து ஊசி விழுந்தது.

"பிரிச்சிடுங்க" என்றாள் தலைவியக்கா.

மாமா நூலை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். "செந்நாய்ப் பல்லுக்கே வரலை. என் அலகுக்கா வரும்? கெட்டியா போடச் சொன்னீங்களே... அதாவது, சொன்னாளே."

பொந்திலிருந்து பொட்டு தலையை நீட்டினாள். "அப்போ இன்னைக்கு எங்களைக் காப்பாத்தினதுக்குன்னு வச்சிக்கலாமே அக்கா?"

தலைவியக்கா ஏட்டைப் புரட்டினாள். ஏழுதான் இருந்தது. கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டு மூடினாள். "கொடுத்ததா எழுத முடியாது. எடுத்ததாவும் எழுத முடியாது. அப்படியே தொங்கட்டும்."

பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி ஓடையில் எறிந்தாள். "மசி, இனிமே நீ வரிசைக்குக் கடைசியில வா. ஆபத்துன்னா அவங்கவங்க அம்மா குரல்ல சொல்லு. புரிஞ்சுதா, புரியலையா?"

"புரியலை" என்றாள் மசி. அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்தது அதுவே முதல் தடவை. "இது பரிசா, தண்டனையா?"

தலைவியக்கா வரிசைக்கு முன்னால் போய் நடந்தாள்.

மசியின் வாலோரத்தில் இறகு திரும்ப முளைக்கவில்லை. அவள் பிள்ளைகளுக்கும் முளைக்கவில்லை. காட்டில் பறவைக் கூட்டம் எந்தப் பக்கம் இரை தேடிப் போனாலும் மசி வழிவந்த துடுப்புவால் கரிச்சான் ஒன்று கூடவே போய், ஆபத்து வந்தால் பத்துக் குரலில் கத்துவது அந்த முகாமிலிருந்துதான். அது பறக்கும்போது இரண்டு கருப்பு வட்டங்கள் உடம்பைவிட்டுத் தள்ளித் தனியாகப் பின்னால் வரும். யாரும் கொடுக்காத பேட்ஜ் அவ்வளவு தள்ளித்தான் தொங்குகிறது, இன்றுவரை.