நீதிபதி எழுதிய சொல்

குரு சிவகாமவல்லி அம்மையாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆசிரமத்துக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை நாகலிங்கம்தான் படிப்பார். முப்பது வருடம் ஆங்கில ஆசிரியராக இருந்துவிட்டுச் சீடராக வந்தவர். குருவைவிட மூத்தவர்.

ஒரு நாள் நீதிபதியிடமிருந்து கடிதம் வந்தது. ஏரித் தண்ணீருக்காக இரண்டு ஊர்கள் அடித்துக்கொள்கின்றன, அம்மையார் டிஸ்இன்ட்ரஸ்டட் ஆனவர், அவரே வந்து பங்கு பிரித்துத் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அந்தச் சொல்லைப் படித்ததும் நாகலிங்கத்துக்குக் கோபம் வந்தது. குருவைப் பார்த்து அக்கறையில்லாதவர் என்பதா! கடிதத்தைக் கிழித்தார். ‘அக்கறையில்லாதவர் எதற்கு வர வேண்டும்?’ என்று பதில் எழுதி, அம்மையாரிடம் சொல்லாமலே தபாலில் போட்டார்.

பத்தாம் நாள் கோர்ட்டு ஊழியர் சவரிமுத்து வந்தார்.

“ஏம்மா வர மாட்டேன்னுட்டீங்க? தலைமடைக்காரங்க ராவோட ராவா மடையை அடைச்சுட்டாங்க. கடைமடையில நாத்து பூரா கருகிப்போச்சு. ரெண்டு பேருக்கு மண்டை உடைஞ்சிருக்கு.”

அம்மையார் நாகலிங்கத்தைப் பார்த்தார்.

“நான்தான் எழுதினேன், அம்மா. உங்களை அக்கறையில்லாதவர் என்று…”

“அய்யா, அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அந்த அர்த்தம் இல்லீங்க,” என்றார் சவரிமுத்து. “சொந்த ஆதாயம் பாக்காதவங்க, எந்தப் பக்கமும் சாயாதவங்கன்னு ஜட்ஜ் எழுதினாரு.”

நாகலிங்கத்தின் முகம் சிவந்தது.

“அதைத் தமிழில் எழுதித் தொலைத்திருக்கலாமே! ஊரில் பாதிப் பேர் அந்தச் சொல்லை நான் சொன்ன அர்த்தத்தில்தான் எழுதுகிறார்கள். என் மேல் என்ன தப்பு?”

“போதும், நிறுத்துங்கள்!”

அம்மையார் குரல் உயர்த்தி நாகலிங்கம் கேட்டதே இல்லை. அம்மையார் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். நாகலிங்கம் பின்னாலேயே ஓடினார். கோபம் இன்னும் அடங்கவில்லை.

“அக்கறையில்லாதவர், ஆதாயம் பார்க்காதவர். இரண்டு பேரும் தமக்கென்று எதையும் கேட்காதவர்கள்தானே, அம்மா? அப்படி என்ன பெரிய வித்தியாசம்?”

அம்மையார் திரும்பினார். கண்கள் கலங்கியிருந்தன.

“கடைமடையில் எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. நாற்று கருகியது என்றதும் வயிறு எரிகிறது. உங்களுக்கும் அங்கே நிலம் கிடையாது. சவரிமுத்து வந்ததிலிருந்து அந்த நாற்றைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.”