குடம் சரிந்த பழி யாருக்கு?

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்து லில்லிபுஷ்பம் அக்கா. போன லெந்து நோன்புக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜெபம் முடிந்து ஆலயத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். நான் இடுப்பில் கைவைத்து மெதுவாக நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டு, "நில்லு, உனக்கு ஒரு புதிர் சொல்லுதேன்" என்றார்.

தேரிக்காட்டுப் பக்கம் ஓர் ஊரில் எப்சிபாய் என்று ஒரு தாய். முதுகுத்தண்டில் தட்டு விலகி மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தவர். எழுந்து நடமாடத் தொடங்கியபோது டாக்டர், "கனம் தூக்காதீங்க, குனியாதீங்க. ஆனா படுத்தே கிடக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அதிலிருந்து எப்சிபாய் வீட்டு வேலையைத் தன் உடம்புக்குத் தக்கபடி துண்டு போட்டுக்கொண்டார். காலையில் பாதி வீடு பெருக்குவார், மீதி சாயங்காலம். பாத்திரம் தேய்க்க நிற்கும்போது ஒரு காலை மணைப்பலகையில் தூக்கி வைத்துக்கொள்வார், இடுப்புக்கு அது இதம். வலி தலைகாட்டினால் முழங்காலை மடக்கிப் படுத்து வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் சொல்வார். அது முடிந்ததும் எழுந்து, விட்ட வேலையைத் தொடுவார். சோற்றைப் பொங்கி வீட்டாருக்குப் பரிமாறும்போதுதான், ஆண்டவர் தன்னைப் பிழைக்க வைத்தார் என்பதே அவருக்கு நிச்சயமாகும்.

வீட்டில் மற்ற மூன்று பேருக்கும் அவர்மேல் உயிர்.

கணவர் பொன்னுத்துரை, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது அவர் பொறுப்பு. அதுவரை அரைக்குடமாகக் கொண்டுவந்தவர், மனைவிக்கு நடுவில் தண்ணீர் தீர்ந்துவிடக் கூடாதென்று பெரிய குடத்தை விளிம்புவரை நிரப்பத் தொடங்கினார்.

"இம்புட்டு எதுக்கு?" என்றார் எப்சிபாய்.

"சும்மா இரு ஏட்டி. படிக்கட்டு வரைக்கும் ஆளை ஏத்தி பஸ்ஸு ஓட்டினவன் நான்."

எப்சிபாய் சிரித்துக்கொண்டே "சரி" என்றார்.

மருமகள் ஷீபா தையல்கடைக்குப் போகிறவள். குடம் தரையில் இருந்தால் அத்தை குனிய வேண்டுமே என்று, அதைச் சமையல் மேடைமேல் ஏற்றி வைக்கும்படி மாமனாரிடம் சொன்னாள். "இனிமே நின்ன மேனிக்கே சரிச்சு ஊத்திக்கிடுங்க அத்தை." மேடைமேல் ஏறிய குடத்தின் கழுத்து எப்சிபாய்க்கு நெஞ்சளவு உயரம். ஆனாலும், "சரி மக்கா" என்றார்.

மகன் ஜெபசிங், மேடையை அம்மா அழுத்தித் தேய்க்கிறாளே என்று வழுவழுப்பான டைல்ஸ் ஒட்டினான். குடத்தின் அடியில் ஆடாமல் இருக்க வைத்திருந்த வைக்கோல் பிரிமணையையும், "ஈரம் தங்குதும்மா" என்று எடுத்துப் போட்டான். அவனிடமும் "சரிப்பா" என்றுதான் சொன்னார்.

மறுநாள் காலை மூவரும் வெளியே போன பிறகு, உலை வைக்க எப்சிபாய் குடத்தைச் சரித்தார். டைல்ஸில் குடம் வழுக்கிக்கொண்டு வந்தது. விட்டிருந்தால் குடத்தோடு போயிருக்கும். பதறி, முறுக்கித் திரும்பி, இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். முதுகில் சுரீர் என்றது. தண்ணீருக்குள் விழுந்து கிடந்தவரைப் பக்கத்து வீட்டார் வந்துதான் தூக்கினார்கள்.

"கர்த்தர் கிருபை, சதைப்பிடிப்போடு போச்சு. சீக்கிரம் எழுந்திரலாம்" என்றார் டாக்டர். அவர் தலை மறைந்ததும் கட்டிலைச் சுற்றி வழக்கு ஆரம்பித்தது.

"எல்லாம் என்னாலதான். விளிம்பு வராம குழாய நிப்பாட்ட மாட்டேன்னு நின்னேன்லா!"

"இல்ல மாமா, மேல ஏத்தச் சொன்னது நானு."

"ரெண்டு பேரும் பேசாம இருங்க. பிரிமணையத் தூக்கி எறிஞ்சவன் நான்."

நலம் விசாரிக்க வந்திருந்த போதகரின் மனைவி சிரித்துவிட்டார். "பழிக்கு இப்படி அடிச்சுக்கிடுத வீட்ட இப்பத்தான் பாக்கேன். ஒண்ணு செய்வோம். தப்பு யாருதோ, அவங்கதான் இனி இந்த அடுக்களையத் திருத்தணும். அவங்க சொல்லுக்கு மத்தவங்க கட்டுப்படணும். சம்மதமா?"

மூவரும் சம்மதித்தார்கள். ஆனால் வழக்கு இன்னும் சூடு பிடித்தது. பழி தன்மேல் வந்தால் எல்லா வேலையையும் தானே பார்த்து, அவளைக் கட்டிலைவிட்டு இறங்கவே விடப்போவதில்லை என்றார் பொன்னுத்துரை. தையல்கடையை விட்டுவிட்டுத் தானே சமைக்கப்போவதாக ஷீபா சொன்னாள். அடுக்களையைப் பூட்டிவிட்டு மெஸ்ஸில் சாப்பாடு சொல்லிவிடுவேன் என்றான் ஜெபசிங்.

யார் ஜெயித்தாலும் எப்சிபாய்க்கு இனி அடுக்களை கிடையாது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். உதடு மட்டும் ஜெபத்தில் அசைந்தது.

கேட்டீர்களே, இப்போது நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். தண்ணீரை நிறைத்தவரா, குடத்தை ஏற்றச் சொன்னவளா, மேடையை வழுக்க வைத்தவனா? இதில் பழி யாரைச் சேரும்?

அக்கா சொன்ன விடை இதுதான். நிறைகுடம் மட்டும் என்றால் கெடுதல் இல்லை. உயரம் மட்டும் என்றாலும், டைல்ஸ் மட்டும் என்றாலும் இல்லை. மூன்றும் சேர்ந்துதான் குடம் சரிந்தது. ஆகவே மூவரில் ஒருவர் தலையில் பழியை வைக்க முடியாது. மூன்றும் ஒன்றுசேர்வதைக் கூடவே இருந்து பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் மற்றவர் மனம் நோகுமே என்று, வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த எப்சிபாயே மெல்ல இந்தப் பக்கம் திரும்பி, போதகரின் மனைவியிடம், "அம்மா, தப்பு என்னுதுதான். எனக்கு எது தோதுன்னு நான்தானே சொல்லியிருக்கணும்? அப்போ அடுக்களையத் திருத்துறதும் நான்தான்" என்றாராம். போதகரின் மனைவி, "பலே ஆளு நீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வருஷம் ஈஸ்டருக்கு ஆப்பம் சுட்டது எப்சிபாய். மாவுச்சட்டியைத் தூக்கிக் கொடுத்தவர் பொன்னுத்துரை, அதுவும் எங்கே வைக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கிய பிறகு.

பிள்ளைகளே, இன்றைக்கு அம்மாவுக்கு ஒரு கை கொடுக்கப் போனால், "எப்படிச் செஞ்சா உனக்குத் தோதும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.