சேர்மன் தரையிறங்கிய கதை

சேர்மன் தணிகாசலத்தின் கால் தரையில் பட்டதே கிடையாது. கடைத்தெரு நடைபாதையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணிய புண்ணியவான் அவர்தான். அதிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் சாக்கடைக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். சைக்கிள் கடை பொற்கொடி போய்க் கேட்டாள்.

"நடைபாதை வேணும்னு என் வாயால வரவழைச்சிடு, அன்னைக்கே வேலையை ஆரம்பிக்கிறேன்" என்று சிரித்தார் சேர்மன்.

"சரிங்கய்யா" என்று வந்துவிட்டாள்.

தேர்தல் வந்தது. சேர்மன் திறந்த ஜீப்பில் நின்று, மைக்கில் ஓட்டுக் கேட்டபடி கடைத்தெருவுக்கு வந்தார். பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்களே தவிர, ஒருத்தியும் சுற்றவில்லை.

"ஜீப்புல நின்னா தட்டு எட்டலீங்கய்யா. டயருக்கு வேணா சுத்தட்டுமா?" என்றாள் பொற்கொடி.

ஆரத்தியை விட மனசு வருமா? மைக்கோடு இறங்கி நடந்தார். மூன்றாவது தட்டுக்குக் குனிந்தபோது முதுகுக்குப் பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. ஒதுங்க இடமில்லை. ஒரே பாய்ச்சலில் சாக்கடைக்குள் போனார். ஆரத்தித் தண்ணீர் மொத்தமும் அவர் தலையில்.

"அடப்பாவிகளா! மனுஷன் நடக்க ஒரு நடைபாதை வேணாமா?" என்று மைக்கில் அலறினார். ஊரே கேட்டது.

பொற்கொடி கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "அன்னைக்கேன்னு சொன்னீங்களேய்யா!"

நடைபாதை வந்துவிட்டது. திறப்பு விழாவுக்கும் சேர்மன் காரில்தான் கிளம்பினார். நிறுத்த இடமில்லாமல், நடந்தே வந்து ரிப்பன் வெட்டினார்.