மூன்றாவது தட்டு

எபநேசர் ஆய்வகத்தில் தனியாக நின்றிருந்தார். இடது கையில் எலியின் செல்கள் வளரும் தட்டு. வலது கையில் பிளீச்சிங் பாட்டில். ஊற்றிவிட்டால் தப்பு மறைந்துவிடும். நாளைக் காலை ஆய்வுக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும்.

இருபது வருஷம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, நாற்பத்தேழு வயதில் ஆராய்ச்சிக்கு வந்த மனிதர் அவர். அவருடைய குரு தில்லைநாயகி அவரைவிட எட்டு வயது இளையவர். போன வருஷம் பொய் முடிவு எழுதிய ஒருவனை ஒரே நாளில் வெளியே அனுப்பியவரும்கூட. அவரிடம் வயதுக்கு மரியாதை உண்டு, தப்புக்குக் கிடையாது.

அவரே கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன சார், இந்த நேரத்துல பாட்டிலும் கையுமா நிக்கிறீங்க?"

"ஒரு சந்தேகம் மேடம். மரபணுவைப் பார்த்து செல் ஆர்.என்.ஏ.வை எழுதுது. எழுதி முடிச்ச பிறகுதானே என்சைம் வந்து அந்த ஆர்.என்.ஏ.வை வெட்டும்? அப்படித்தானே இத்தனை வருஷமா நடத்தினேன்? வெட்டுற என்சைமை எடுத்துட்டா, எழுதுறது எப்படி மாறும்?"

தில்லைநாயகி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நடந்ததை முதல்லருந்து சொல்லுங்க."

"போன மாசம் அந்த என்சைமை..."

"போதும்."

எபநேசர் விழித்தார். "சரி மேடம். போன மாசம்..."

"போதும்."

மூன்றாம் முறை "போன" என்பதற்குள் வெட்டினார். நான்காம் முறை எபநேசருக்கு வாயே திறக்கவில்லை. தொலைந்தோம், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

அதன்பின் தில்லைநாயகி குறுக்கிடவேயில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் கழித்து எபநேசர் தயங்கித் தயங்கித் தொடங்கினார். பிறகு மடை திறந்தது போல எல்லாம் வந்தது. என்சைமை எடுத்ததும் நூற்றுக்கணக்கான மரபணுக்களில் ஆர்.என்.ஏ. எழுதுவது பெருகியது, தன் கைதான் சரியில்லை என்று பயந்தது, முதல் தட்டைக் கொட்டியது, இரண்டாவதிலும் அதே முடிவு வர அதையும் கொட்டியது, மூன்றாவதிலும் அதுவே வந்தது, யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்தது. கேட்காததையெல்லாம் சொன்னார்.

"என்னை அனுப்பிருவீங்களா மேடம்?"

"முதல்ல நாலு வார்த்தையில நின்னுட்டீங்க. இப்போ கொட்டித் தீர்த்துட்டீங்க. நடுவுல நான் உங்க வாயையா தொட்டேன்?"

"இல்ல மேடம். வெளியே வந்த பேச்சைத்தான் வெட்டினீங்க. அப்புறம் வெட்டுறதை விட்டுட்டீங்க."

"வந்ததை வெட்டினா வர்றது நின்னுடும்னு உங்க வாய்க்கே தெரியுது. எலியோட செல்லுக்குத் தெரியாதா சார்?"

தப்பு தன் கையில் இல்லை என்று எபநேசருக்கு உறைத்தது; மூன்றாவது தட்டைப் பத்திரமாக மேசையில் வைத்தார். பாட்டிலை மூடினார். கழுவும் தொட்டியில் முதல் இரண்டு தட்டுகளும் காலியாகக் கிடந்தன.